மல்டிமீட்டருக்கு மிஷின் ஆயில்

'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமனாரின் மல்டிமீட்டர் சைபரைத் தவிர வேறு எதையும் காட்ட மறுத்துவிட்டது.

தையல்காரர் ஆடிப்போனார். "வாஷிங் மிஷின் பிளக் பாயிண்ட்ல கரண்ட் எவ்வளவு வருதுன்னு பார்த்து வைங்க மாப்பிள்ளை, முடி வெட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று மாமனார் கிளம்பிப் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மீட்டரில் ஏற்கெனவே சொருகியிருந்த சிவப்பு, கறுப்பு வயர்களை எடுத்துப் பிளக் பாயிண்டில் வைத்தார். வேறு ஒரு பாவமும் அறியார்.

மாமனார் யாருக்கும் எதையும் இரவல் தருவார், அந்த மீட்டரைத் தவிர. வீட்டு மிக்ஸி, அயர்ன்பாக்ஸ், ஹீட்டர் எல்லாம் வாரம் ஒருமுறை அவரிடம் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். நன்றாக ஓடுவதையும் சந்தேகத்தின் பேரில் கழற்றிப் போடுவார். அந்த மீட்டர் இன்றைக்குத்தான் முதன்முதலாக அடுத்தவர் கைக்கு வந்திருந்தது.

கொடுத்தவர் சாதாரண மனுஷரா? "போயும் போயும் ஒரு தையல்காரனுக்கா?" என்று சொந்தமெல்லாம் முகத்தைச் சுளித்தபோது, நேரே கடைக்கு வந்து, ஒரு பேன்ட்டைத் தைக்கக் கொடுத்து, தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்பக்கத்தையும் இவ்வளவு சுத்தமாத் தைக்கிறவருக்குப் பொண்ணைக் கொடுக்கலாம்" என்றவர். அந்த நன்றியைத் தையல்காரர் ஒருநாளும் மறந்ததில்லை. மாமியார்தான், கல்யாணமாகி ஆறு மாதமாகியும் மருமகனிடம் நேராகப் பேசவில்லை. காபி கொண்டுவந்து வைத்தால்கூடச் சுவரைப் பார்த்து, "ஆறிடப் போகுது" என்பார். இப்போது மாமனாரும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டால்?

"என்னங்க சத்தம்?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்கப்பா மீட்டர் போயிடுச்சு."

"ஐயையோ! என்ன பண்ணினீங்க?"

"தொட்டேன்."

"பேட்டரியா இருக்கும். மாத்திப் பாருங்க."

டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியை உருவிப் போட்டார். சைபர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"அப்படியே வச்சிடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"தையல் மிஷினையே அக்கக்காக் கழட்டி மாட்டறவன் நான். இது எம்மாத்திரம்?"

கழற்றினார். நடுவிலிருந்த வட்டத் திருகு கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புவதாகப் பட்டது. இறுக்கத்துக்கு அவர் தொழிலில் ஒரே வைத்தியம்தான். எங்கே போனாலும் கூடவே வரும் தொழில் பையிலிருந்து மிஷின் ஆயிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். திருகு வழுக்கிக்கொண்டு சுற்றியது. மீட்டர் 'பீ...' என்று அலற ஆரம்பித்தது.

"நிறுத்துங்க! அம்மா சமையல்கட்டுல இருக்காங்க!"

"நிக்க மாட்டேங்குதே!"

துண்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அப்போதும் கேட்டது.

"அங்க என்ன விசில் சத்தம்?" சமையல்கட்டிலிருந்து மாமியார் குரல்.

"குக்கரும்மா!"

"குக்கர் என் முன்னாடி இருக்குடி."

"பேட்டரியைக் கழட்டித் தொலைங்களேன்!" என்று மனைவி பல்லைக் கடித்த பிறகுதான் அந்த யோசனையே அவருக்கு வந்தது.

சத்தம் நின்றதும் உள்ளே குனிந்து பார்த்தார். கண்ணாடிக் குழாய் போட்ட சின்ன ஃபியூஸ் ஒன்று கருகிக் கிடந்தது.

"இதுதான் திருடன்! பிடிச்சிட்டேன் பார்."

"புது ஃபியூஸுக்கு எங்க போவீங்க?"

பையில் உடைந்த தையல் ஊசி ஒன்று இருந்தது. அளவெடுத்துச் செய்தது மாதிரி ஃபியூஸ் இடத்தில் போய் உட்கார்ந்தது. தையல்காரருக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. மூடியை மூடி, பேட்டரியைப் போட்டு, வயர்களை மறுபடி பிளக் பாயிண்டில் வைத்தார்.

இந்தத் தடவை 'டப்' இல்லை, 'டமார்'. வீடு முழுக்கக் கரண்ட் போனது. மீட்டரிலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். தையல்காரர் மீட்டரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாமா... மன்னிச்சிடுங்க."

மாமனார் வாங்கி மூடியைத் திறந்தார். கருகிய ஊசியையும் சொட்டிய எண்ணெயையும் பார்த்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"கையில ஒண்ணும் படலையே?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்ன? இந்தக் கை பிழைச்சுதே, அது போதும். மீட்டர் போனாப் போகட்டும், நானும் எத்தனை நாளைக்குத்தான் அளந்துக்கிட்டே இருக்கிறது!"

சொல்லிவிட்டு மெயின் சுவிட்சைப் போடப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தையல்காரர் தாங்கியிருப்பார். இதற்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷருக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மாமியார் காபியோடு வந்தார். கணவர் தூரத்தில்தான் இருக்கிறாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சுவர் பக்கம் திரும்பாமல், மருமகன் முகத்தையே பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரொம்ப நன்றி மாப்பிள்ளை! பத்து வருஷமா நானும் அந்தச் சிவப்பு வயரைத் தப்பான ஓட்டையில மாத்திச் சொருகி வைக்கிறேன், இவர் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சிட்டார்!"