வாத்தியார் நடத்தாத பாடம்

"காத்து பிரிஞ்சுதா சார்?"

நர்ஸ் வார்டுக்கே கேட்கும்படிதான் கேட்டாள். முந்தின நாள் குடல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த உயிரியல் வாத்தியாருக்குக் காது வரை சிவந்தது. காலடியில் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள்!

முப்பது வருடம் ஜீரண மண்டலம் நடத்தியவர்தான். ஆனால் சிறுகுடல் முடிந்ததும், "மீதிய வீட்ல படிச்சுக்குங்க" என்று புத்தகத்தை மூடிவிடுவார். அந்த மீதியை இப்போது மருமகள் முன்னால் பேசுவதா?

"இல்லம்மா" என்றார்.

"பிரிஞ்சாத்தான் சாப்பாடு. அதுவரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

உண்மையில் விடியற்காலையிலேயே பிரிந்திருந்தது. ஐயந்திரிபறப் பிரிந்திருந்தது.

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்கும் அதே ஆபரேஷன். அந்த மனிதருக்குக் கூச்சநாச்சம் கிடையாது.

"எனக்கு ஆச்சு சிஸ்டர்! சத்தத்துல நானே முழிச்சிட்டேன்!"

அவருக்கு உடனே சூப்பும் ரொட்டியும் வந்தன. வாத்தியாருக்கு வாசனை மட்டும் வந்தது.

மதியம் ஒரு சீட்டில், 'நல்ல செய்தி உண்டு' என்று எழுதி நர்ஸிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு நேரே மருமகளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சொல்லவே இல்லையே! எத்தனை மாசம்?"

"எனக்கா? யாரு சொன்னா?" மருமகள் திருதிருவென்று விழித்தாள். வாத்தியார் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் பசி காதை அடைத்தது. மருமகள் நகர்ந்தால் நர்ஸிடம் சொல்லிவிடலாம் என்று, "பேப்பர் வாங்கிட்டு வாம்மா" என்றார். போனவள் இரண்டே நிமிடத்தில் திரும்பினாள்.

"வழியில டாக்டரையே பாத்துட்டேன் மாமா! கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் பிரியலையா? உள்ள எங்கயோ சிக்கியிருக்கு. மறுபடி திறந்து பாத்துடலாம். நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

மருமகள் கண் கலங்கப் பேனாவை வாங்கினாள். மானம் பெரிதா, குடல் பெரிதா? வாத்தியார் துள்ளி உட்கார்ந்தார்.

"பிரிஞ்சிடுச்சு! நேத்து விடியக்காலையே பிரிஞ்சிடுச்சு! கட்டிலே அதிர்ந்துது!"

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இதச் சொல்லக் கூச்சப்பட்டா மாமா பட்டினி கிடந்தீங்க?"

நேற்றிலிருந்து வயிறு உப்பிப் படுத்திருந்த டிரைவர், வாயருகே கொண்டுபோன ரொட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்போ சிஸ்டர்... நேத்து என்னை எழுப்புனது என்னோடது இல்லையா?"