எலுமிச்சம்பழமும் புள்ளி அங்கிளும்

டெக்சாஸில் குடியேறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட ஃப்ரீவேயில் கார் ஏற்றாத மனுஷன் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் புள்ளி அங்கிள். அப்பேர்ப்பட்டவருக்கு என்ன உத்தியோகம் தெரியுமோ? ரிச்சர்ட்சனில் ஒரு டிரக் கம்பெனியில், அத்தனை டிரக்குகளையும் கட்டி மேய்க்கிற ஃப்ளீட் மேனேஜர்.

அவர் குடியிருக்கிற அதே ஆலனிலிருந்து நாங்களெல்லாம் ஃப்ரீவேயில் பறந்து வந்து, காபி குடித்து, ரெண்டு சண்டையும் போட்டு முடித்த பிறகு, அவருடைய மினிவேன் சர்வீஸ் ரோடு வழியாக ஒவ்வொரு சிக்னலுக்கும் மரியாதை செய்துகொண்டு வந்து சேரும். பக்கத்திலேயே ஃப்ரீவே போகிறதே என்று கேட்டால், "போகட்டும்மா, அதைப் பார்த்துக்கிட்டேதானே வர்றேன்" என்பார். கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

நான் அங்கே டிஸ்பாட்சர். எந்த டிரக் எந்த லோடை எங்கே கொண்டுபோகணும் என்று நாள் முழுக்க ஃபோனில் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிற வேலை. எனக்கு எதிர் சுவரில் பெரிய ஸ்கிரீன். அதில் டெக்சாஸ் மேப்; மேப்பில் எங்கள் டிரக்குகள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கிள் டீ கப்பைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். "அமரில்லோ வந்தாச்சு. இனிமே மாட்டு வாசனை வரும். வானம் ரொம்பக் கீழ இறங்கி வந்த மாதிரி இருக்கும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார். இவர் ஜென்மத்தில் அமரில்லோவைப் பார்த்ததில்லை. ஆனால் போய் வந்த டிரைவர்களைக் கேட்டால், அங்கிள் சொன்னது சரிதான் என்று தலையாட்டுவார்கள்.

இப்படி இருந்த மனுஷன் தலையில் ஒரு நாள் இடி விழுந்தது. டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினார், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார் என்று பதிவு பண்ணுகிற டிவைஸ் ஒவ்வொரு டிரக்கிலும் இருந்தே ஆகவேண்டும், அதுதான் சட்டம். நாங்கள் வைத்திருந்ததை அரசாங்கம் அங்கீகாரப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. கெடு முடிவதற்குள் வேறு வாங்காவிட்டால் வண்டிகள் நிற்க வேண்டியதுதான். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு அங்கிளுக்கு.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து டெமோ காட்டினார்கள். அங்கிள் விலையைக் கேட்கவில்லை. "நடு ராத்திரியில வண்டியை நிறுத்திட்டுத் தூங்குற டிரைவரை இது எழுப்பிவிடுமா?" என்று கேட்டார். அப்புறம் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி மாட்டிப் பார்க்கலானார். பிரேக்கைத் தொட்டாலே கீச்சென்று கத்திய ஒன்றுக்குச் சிணுங்கி என்று பேர் வைத்தார். கொட்டாவி விட்டால்கூட ஆபீஸுக்கு மெசேஜ் அனுப்பிய இன்னொன்றுக்கு வார்டன். சத்தமே போடாத மூன்றாவது சாது. சாதுவைத் தன்னுடைய மினிவேனிலேயே மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மேப்பில் அவரும் ஒரு புள்ளி. காய்கறி வாங்கப் போனால்கூட எனக்குத் தெரியும்.

வார்டன் போனது நசீர் பாய் டிரக்குக்கு. நசீர் பாய் எங்கள் டிரைவர்களிலேயே சாந்தமானவர். மகளுடைய ஸ்கூல் விழா ஒன்றுக்காவது போனவரில்லை. எப்போதும் ரோட்டில் இருப்பார். இப்போது அந்தப் பெண் ரிச்சர்ட்சனில் இருக்கிற யூனிவர்சிட்டியில் பட்டம் வாங்கப் போகிறாள், சனிக்கிழமை மத்தியானம். "வாப்பா, ஜஸ்ட் பி தேர்" என்று மட்டும் சொன்னாளாம். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி, சான் அன்டோனியோவில் லோடை இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்புகிற மாதிரி நான்தான் அவருக்கு டிரிப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பாய், வண்டிகள் நிறுத்துகிற எங்கள் யார்டில், டிரக்குக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார். சட்டப்படி பத்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வு எடுக்கணும். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அங்கிள் கையில் பூவும் சந்தனமுமாக வந்தார். புது டிவைஸ் மாட்டிப் பூஜை போடாமல் வண்டி கிளம்பலாமா? அதுவும் ராகு காலம் வருவதற்குள் முடித்தாகணுமாம். வார்டனுக்குப் பொட்டு வைத்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பாயை எழுப்பி, "லேசா நகட்டுங்க பாய், பழம் நசுங்கினா போதும்" என்றார். பாயும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சிரித்தபடியே நகட்டினார். பழம் நசுங்கியது.

வார்டனுக்குப் பழமாவது பூஜையாவது. சக்கரம் உருண்டது, டிரைவர் ஓட்டினார், ஓய்வு கலைந்தது. மறுபடியும் முதலிலிருந்து பத்து மணி நேரம். ஸ்கிரீனில் அதைப் பார்த்ததும் ஃபோனை எடுத்தேன். லீவில் சான் ரமோன் போயிருந்த ஓனரைக் கூப்பிட்டால், அந்தப் பதிவை எடிட் பண்ணிவிடுங்கள் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வண்டி நகந்துச்சேம்மா. நகரலைன்னு எப்படி எழுதுறது?"

நன்றாகத் திட்டினேன். ஒரு எலுமிச்சம்பழத்துக்காக ஒரு பெண்ணுடைய பட்டமளிப்பு விழாவைக் கெடுத்துவிட்டீர்களே என்றேன். பாய்தான் குறுக்கே வந்து, எனக்கு நல்லது நடக்கணும்னுதானே சார் பூஜை போட்டார், விடுங்கம்மா என்றார். அங்கிள் அன்றைக்கு டீயே குடிக்கவில்லை.

வேறு டிரைவர் யாரும் ஊரில் இல்லை. பாய் சாயங்காலம் கிளம்பினார். லோடு இறக்கத் தாமதமாகி, சனிக்கிழமை காலை திரும்பி வரும்போது, கிளம்பியதிலிருந்து சட்டம் அவருக்கு விட்டிருந்த நேரம் டெம்பிள் என்கிற ஊர்ப் பக்கத்திலேயே தீர்ந்துபோனது. டிரக் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் பண்ணினார். ஆபீஸில் நான் மட்டும்தான். பரவாயில்லைம்மா, வீடியோவில் பார்த்துக்கிறேன் என்றார். அது பரவாயில்லாத குரலாக இல்லை.

அங்கிளுக்கு ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றார், வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. இந்த மனுஷனை நம்பிப் பிரயோஜனமில்லை, நானே போகிறேன் என்று கார் சாவியைத் தேடும்போதுதான் ஸ்கிரீனைப் பார்த்தேன். ஆலனில் ஒரு சின்னப் புள்ளி சர்வீஸ் ரோட்டில் தெற்கே வந்துகொண்டிருந்தது. ஃப்ரீவேக்கு ஏறுகிற இடத்துக்கு வந்தது. தாண்டிப் போனது. அடுத்த ரேம்ப் வந்தது, அதையும் தாண்டியது. மூன்றாவதற்கு முன்னால் ஏதோ பார்க்கிங்கில் போய் நின்றேவிட்டது. நான் சாவியை மேஜையில் வைத்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. வெளியே மே மாத வெயில். உள்ளே ஏசி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அத்தனை பெரிய டெக்சாஸில் நான் ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி அசைந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, ரேம்பில் ஏறியது.

டல்லாஸ் தாண்டி, வாக்கோ தாண்டி, டெம்பிள் வரைக்கும் அது, மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத்தை விட்டு நகரவில்லை. பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தார்களோ. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி வரும்போது வேகம் கூடியிருந்தது. பாய் ஓட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். இல்லையாம். பாய் பக்கத்து சீட்டில் சட்டை மாற்றிக்கொண்டு, "நல்லா ஓட்டுறீங்க சார், அப்படியே விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். மகள் மேடை ஏறும்போது வாப்பா ஹாலில் நின்று கை தட்டினார். அங்கிள் உள்ளே போகவில்லை. வெளியே வேனில் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

திங்கட்கிழமை மூன்று கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டு, யார்டில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். யார்டுக்குள் ஒரு அடி நகர்ந்ததை நகர்ந்தது என்றே எழுதிவிட்டு, எது ஓய்வைக் கலைக்கவில்லையோ அதற்குத்தான் ஆர்டர் என்றார். சாது ஜெயித்தது.

நான் இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். இங்கேயும் ஒரு மேப் இருக்கிறது, புள்ளிகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்று வலது ஓரமாக ஊர்ந்து போனால், "பார்த்து வாங்க அங்கிள், அவசரமில்லை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.