எழுபத்திரண்டு, எழுபத்து நாலு

நர்ஸ் நோட்டை முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள், மறுபடியும் முன்னால் புரட்டினாள்.

"நடக்கறதுக்கு முன்னாடி நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. அரை மணி நேரம் நடந்த பிறகு எழுபத்து நாலு. முப்பது நாளும் இப்படியேவா சார்?"

"முப்பது நாளும்," என்றார் கிடங்குக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

குளிர்பதனக் கிடங்கில் இருபத்தாறு வருடமாக வெப்பநிலை எழுதுகிறவர் அவர். முள் அசையாவிட்டால் எல்லாம் நலம், அசைந்தால் ஆபத்து. இதுதான் அவர் படித்த படிப்பு. இதயமும் அப்படித்தான் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். டாக்டர் நடக்கச் சொன்ன முதல் நாள் தெருமுனை வரை போனார். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. செத்தோம் என்று பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், அதற்குப் பிறகு அவருடைய நடைப்பயிற்சி முழுவதும் அந்த பெஞ்சிலேயே நடந்தது. நோட்டில் மட்டும் தினமும் இரண்டு ஏற்றி எழுதினார். நடந்த மாதிரி தெரிய வேண்டாமா?

நர்ஸ் நோட்டோடு உள்ளே ஓடினாள். அவள் நடந்து போயிருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நடந்தா துடிப்பு நல்லா ஏறணும் சார். ஏறலைன்னா, உடம்பு கேக்கறதை இதயத்தால கொடுக்க முடியலைன்னு அர்த்தம். சோர்வு இருக்கா?"

"இல்லவே இல்ல."

"எப்பப் பாத்தாலும் சோர்வுதான் டாக்டர்," என்றாள் பக்கத்திலிருந்த மனைவி. "தண்ணி எடுத்துக் குடிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டார். நான்தான் சோம்பேறித்தனம்னு நினைச்சுத் திட்டித் தீர்த்துட்டேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் முப்பது நாளும் இருட்டோடு எழுந்து, காப்பி போட்டுக் கொடுத்து, புது ஷூவுக்கு நாடா கட்டி அனுப்பியவள் பக்கத்திலேயே இருக்கிறாள். இதயம் நின்றால் ஒரேயடியாகப் போய்விடலாம். இவளிடம் மாட்டினால் ஆயுசு முழுக்க அனுபவிக்க வேண்டும்.

"நோட்டுல தப்பு இருக்கலாம் டாக்டர். இப்பவே நடந்து காட்டறேன்."

துடிப்பை அளக்கும் பட்டையை நெஞ்சில் கட்டி, வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கு எப்படியாவது ஏறியாக வேண்டுமே என்ற பயத்தில், உட்கார்ந்த இடத்திலேயே நூற்று இருபத்தாறு. பிறகு ஆறு நிமிடம் நடந்தார். கால் பின்னிக்கொண்டு ஊர்ந்தார் என்பதுதான் சரி. முடிவில் நூற்று இருபத்தெட்டு.

"பாருங்க," என்றார் டாக்டர். "நோட்டுல இருக்கிற அதே ரெண்டுதான் ஏறுது. இவ்வளவு கரெக்டா எழுதற பேஷண்ட்டை நான் பார்த்ததே இல்ல. நெஞ்சுக்கு மேல, தோலுக்கு அடியில பேஸ்மேக்கர்னு சின்னதா ஒரு மெஷின் வைக்கணும். நாளைக்கே வச்சிடலாம்."

மனைவி மகளுக்குப் போன் பண்ண வெளியே போனாள். கிடங்குக்காரர் வராந்தா பெஞ்சில் சரிந்தார். கத்தி, ரத்தம், மயக்க மருந்து, மயக்கம் தெளியாமலே போய்விடுவது என்று ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணி முணுமுணுத்தார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிக் காட்டினார். தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு.

"பயப்படாதீங்க தம்பி. போன மாசம் எனக்கும் வச்சாங்க. நானும் தினமும் நோட்டு எழுதினேன், நம்பர் ஏறவே இல்ல. அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான்."

இத்தனை அன்பாகப் பேசுகிறவரிடம் எதை மறைப்பது? மனைவி வருகிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சு, எழுபத்திரண்டு, எழுபத்து நாலு எல்லாவற்றையும் அவர் காதில் கொட்டிவிட்டார் கிடங்குக்காரர்.

"அத்தனையும் நானா எழுதினதுங்க. இப்பப் போய்ச் சொன்னா டாக்டர் விட்டுடுவாரா?"

பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரின் கை அந்த மேட்டின் மேலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"அப்ப நீங்களும் நடக்கலையா தம்பி?"