கடித்த முறுக்கும் இலங்கைக் கஸ்டம்ஸும்

திண்டுக்கல்லில் சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்தவர் என்று ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோல்மண்டியில் எடை போடுகிறவர். ரூல்ஸ் ராவுத்தர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சைக்கிளில் விளக்கில்லை என்று போலீஸ்காரர் ஒருமுறை அதட்டியதிலிருந்து பட்டப்பகலிலும் விளக்கேற்றிக்கொண்டுதான் வருவார். பக்கத்து வீட்டு ரேடியோ தன் காதில் விழுவதற்குத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கவலையோடு கேட்டிருக்கிறார்.

என்னிடம் கேட்கக் காரணம், மண்டியில் நான் ஒருவன்தான் பி.ஏ. இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. நான் சொன்னால் அவருக்கு அது கெஜட்டில் வந்த மாதிரி.

தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்த காலம். கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய ஒரே மகள் ஏழு மாதக் கர்ப்பம். தன்னைப் பார்க்கப் புறப்படவிருந்த அப்பாவுக்கு, வரும்போது அம்மா சுட்ட முறுக்கு வேண்டும் என்று எழுதியிருந்தாள். முறுக்கை அந்த நாட்டுக்குள் விடுவார்களா? ராவுத்தர் ஊரெல்லாம் விசாரித்தார். எண்ணெயில் சுட்டது கூடாது என்றார் ஒருவர். எண்ணெயில் சுட்டது மட்டும்தான் கூடும் என்றார் இன்னொருவர். தகர டின்னுக்கு வரி உண்டு, ஓலைப்பெட்டிக்குக் கிடையாது என்றார் மூன்றாமவர். கடைசியில் எங்கிருந்தோ ஒரு கஸ்டம்ஸ் காகிதத்தை வாங்கிவந்து என் மேசையில் வைத்தார்.

அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல பி.ஏ. விடவில்லை.

“சொந்த உபயோகத்துக்குன்னா கொண்டு போகலாம், ராவுத்தரே.”

“சொந்த உபயோகம்னு அவன் எப்படித் தம்பி நம்புவான்? விக்கக் கொண்டாந்தேன்னு சொல்லிட்டா?”

“ஒவ்வொண்ணையும் ஒரு கடி கடிச்சு வச்சிருங்க. கடிச்சதை யாரு வாங்குவா?”

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“அம்புட்டையும் முடிச்சுட்டேன் தம்பி. கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது. வீட்டுல என்னோட பேச மாட்டேங்கிறா.”

அவர் புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது. வேறு முறுக்கு சுட நேரமிருந்தது. நானோ சிரிப்பை அடக்குவதில் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தவரை மண்டியே சூழ்ந்துகொண்டது.

“கப்பல விட்டு எறங்கினதும் கஸ்டம்ஸ்காரன் பெட்டியத் தொறந்தான். ‘யார் கடிச்சது’ன்னான். நாந்தான்னேன். ‘எல்லாத்தையுமா?’ன்னான். ஆமான்னேன். தலையச் சொறிஞ்சுக்கிட்டுப் போயி பெரிய ஆபீசரக் கூட்டியாந்தான். அவரு முறுக்கப் பாத்தாரு, என் பல்லப் பாத்தாரு, திரும்ப முறுக்கப் பாத்தாரு. ‘முழுசா இருந்தா விட்டிருப்போம், எச்சிப் பண்டத்தை விட முடியாது’ன்னு கடல்ல கொட்டச் சொல்லிட்டாரு.”

மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கொதித்துப்போனார். “எந்தக் கூறுகெட்ட பய ராவுத்தரே இந்த யோசன சொன்னது?”

நான் மைக்கூட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரும் சொல்லலப்பா. நானா யோசிச்சதுதான்.”

எல்லோரும் கலைந்ததும் என் மேசைக்கு வந்தார். “மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நீங்க சொன்ன ரூல் சரிதான். அங்க மாத்திப்புட்டாங்க போல.”

“மக என்ன சொல்லுச்சு?”

“வெறுங்கையோட போயி நின்னேன். புள்ள அழுதுருச்சு” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது விளையாட்டு என்று அவர் காலமாகும்வரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். படித்த தம்பி அப்படியெல்லாம் விளையாடமாட்டார் என்று என் பக்கம் நின்று என்னோடே சண்டை போட்டிருப்பார்.