ஆற்றோரத்து அளவுகல்

காலை நாலரைக்கு ஆட்களை எழுப்பும் தப்புச் சத்தம் கேட்கும். செல்லசாமி கணக்கப்பிள்ளை எழுந்து முகம் கழுவுவார். திருநீறு பூசுவார். பால் சேராத தேயிலைச் சாயத்தண்ணியை ஒரு கோப்பை நின்றபடியே குடிப்பார். காக்கிக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு, தொப்பி, கம்பு. ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லி மலைக்கு அனுப்புவார். இருபத்தெட்டு வருடமாக இதில் ஒரு மாற்றமும் இல்லை. போன வாரத்திலிருந்துதான் ஒரு மாற்றம். பெரட்டுக்கு முன்னால் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வந்தார்.

காரணம் வீடு. தை பிறந்தால் அவருக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் தேயிலைத் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். கூரையில் ஒரு தகரம் ஆடினாலும் தோட்டத்துத் துரையிடம் போய் நின்றே காலம் போய்விட்டது. இனி ஆணி அடிக்க யாரையும் கேட்கக் கூடாது என்று அவர் மனைவி பூரணி சொல்லிவிட்டாள்.

நோர்வூட் டவுனுக்கு இந்தப் பக்கம், ஆற்றோரமாக இருபது பேர்ச் நிலம் விலைக்கு வந்திருந்தது. சொந்தக்காரர் கினிகத்தேனையில் கடை வைத்திருந்த ஒரு சிங்கள முதலாளி. விலை தோதானது. பயம் ஒன்றுதான். ஆறு வீட்டுக்குள் வருமா?

நாற்பத்தேழாம் வருட வெள்ளத்தைப் பற்றி விசாரித்தார். முழங்கால் அளவு வந்தது என்றார் வீரய்யா கங்காணி. ஆடு ஒன்று கூரைமேல் நின்று கத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அங்கே அப்போது கூரையே கிடையாது. நிலத்துக்கார முதலாளியோ, ஆறு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார்.

யாரையும் நம்புவதில்லை, இந்த ஆடி மழையில் தானே அளந்து பார்ப்பது என்று கணக்கப்பிள்ளை முடிவு செய்தார். மலையில் எல்லை காட்ட ஆயிரம் கல் நட்ட கை. இடுப்புயரக் கல் ஒன்றைக் கரையில் நட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அதற்குப் பூசினார். தூரத்திலிருந்தே தண்ணீர் மட்டம் தெரியட்டும் என்று, சாணுக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயின்டும் இழுத்தார்.

வெள்ளைக் கல்லில் சிவப்புக் கோடு எதைப் போல இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு அது அளவுகல்.

கீழே பாறையில் கீழ் லயத்து அழகம்மா துணி அடித்துக்கொண்டிருந்தாள். லயத்திலிருந்து அந்தப் பாறைக்கு வரும் ஒற்றையடிப் பாதை இந்த நிலத்துக்குள்ளேதான் ஓடியது. சுற்றிப் போனால் ஒரு மைல்.

"என்னங்கய்யா அது?" என்று கேட்டாள்.

விஷயம் வெளியே போனால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். "சும்மாதான்" என்றார். நிலம் பார்க்கக் கூட வந்திருந்த பூரணியிடம் மட்டும், வாங்கியதும் முதல் வேலையாக இந்தப் பாதையை மறித்து வேலி போட வேண்டும் என்றார். துணி அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. பிறகு தொடர்ந்தது.

மறுநாள் கல்லின் தலையில் ஒரு செம்பரத்தம் பூ இருந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று எடுத்துப் போட்டார். அதற்கடுத்த நாள் மூன்று பூவும் குங்குமமும் இருந்தன. காற்றுக்குக் குங்குமம் ஏது?

வீரய்யா கங்காணிதான் விஷயத்தைச் சொன்னார். "ஆத்து முனி வந்திருக்குங்கய்யா. அழகம்மா கனவுல வெள்ளை வேட்டியோட நின்னுச்சாம்."

தோட்டத்தில் இது புதிதல்ல. பாக்டரிச் சக்கரத்துக்கு ரோதை முனி உண்டு, செடி வெட்டும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி உண்டு. ஆற்றுக்குத்தான் இதுவரை ஆள் போடவில்லை.

விடிவதற்குள் குங்குமத்தைக் கழுவிவிடலாம் என்று கணக்கப்பிள்ளை ஒரு வாளியோடு போனார். குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றித் தேய்க்கும்போது, வேலைக்குக் கிளம்பிய பெண்கள் நாலு பேர் பார்த்தார்கள். கூடைகளை இறக்கி வைத்துக் கும்பிட்டார்கள். அன்று மாலைக்குள் மூன்று லயத்துக்கும் செய்தி போய்விட்டது. கணக்கப்பிள்ளையே அபிஷேகம் செய்கிறார்.

அடுத்ததாக, யாரும் கிட்டே போகாதபடி கல்லைச் சுற்றி முள் கம்பி கட்டினார். சாமிக்குச் சுற்று வேலி போட்டுத் தந்ததற்காக ஆட்கள் அவருக்கு நன்றி சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரோ அதற்கு ஒரு தகரக் கதவும் வைத்தார்கள். மணி கட்டிய கதவு.

கடைசியில் பெரட்டுக் களத்தில் உண்மையைப் போட்டு உடைத்தார். "அது சாமி இல்ல. ஆத்துத் தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பார்க்க நான் நட்ட கல்லு."

வீரய்யா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "சாமி யாராவது ஒருத்தர் கையாலதானேங்கய்யா வரணும்? இந்தத் தடவ உங்க கையி."

அந்த வாரமே அடை மழை. ஆறு கலங்கி, மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. கணக்கப்பிள்ளை தொப்பியில் தண்ணீர் சொட்ட நின்று பார்த்தார். வெள்ளம் இரண்டாம் கோட்டைத் தொட்டது, கொஞ்சம் யோசித்தது, இறங்கியது. மேட்டு நிலத்தில் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. நல்ல நிலம் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. முனி வெள்ளத்தை மறித்துவிட்டது என்று ஊருக்கும் உறுதியாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சேவலோடு ஆட்கள் வந்தார்கள்.

வீட்டில் பூரணி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "சாமியக் கெளப்பிட்டு அந்த எடத்துல அடுப்பு மூட்ட நான் வரமாட்டேன்."

"நான் நட்ட கல்லுடி அது. நீயும்தான் கூட நின்ன."

"நின்னேன். வெள்ளம் நின்னதையும்தான் பார்த்தேன்."

அவ்வளவுதான், வீடு போயிற்று என்று கணக்கப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முதலாளி கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். மணிக் கதவையும் கூட்டத்தையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் கும்பிட்டார். சாமி நிற்கிற இடத்தை விற்றுத் தன் குடும்பத்துக்கு வினை தேடிக்கொள்ள முடியாது என்றார். கல் நிற்கும் கரையும் அதற்குப் போகும் பாதையும் ஊருக்கே இருக்கட்டும், மேட்டுப் பக்கம் பதினாலு பேர்ச்சைக் கணக்கப்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும், விலையையும் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

வீடு கட்ட அது போதுமாக இருந்தது. கிணறு தோண்ட ஆறு மாதம் ஆகும் என்று இருந்தவருக்கு ஆற்றுத் தண்ணீர் பாதையோடு கிடைத்தது. பாதையில் போகிறவர்கள் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். தை பிறந்து நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். பூரணி தன் கையாலேயே வாசல் நிலையில் ஆணி அடித்து மாவிலை கட்டினாள். யாரையும் கேட்கவில்லை.

மத்தியானம் அழகம்மா துணி மூட்டையோடு பாறைக்குப் போகும் வழியில் ஏறி வந்தாள். பொங்கலைச் சாப்பிட்டாள், வீடு நன்றாக இருக்கிறது என்றாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு எட்டு போனவள் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அய்யா, அந்தக் கல்லுக்குப் பூசுனீங்களே செவப்புப் பெயின்டு, டின்னுல கொஞ்சம் மிச்சம் இருக்குங்களா? கடைக்குப் போற குறுக்குப் பாதையிலயும் யாரோ வேலி போடப் போறாங்களாம்."