பதினான்கு ஐந்தான வைத்தியம்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும், அந்தப் புரோஸ்டேட் ஒன்றைத் தவிர, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இருபதாம் தேதி உங்களுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை என்று அண்ணி போனில் அழுதார். முதலில் அதை ரத்து செய்யுங்கள். உங்கள் மாப்பிள்ளைக்கும், அதான் என் வீட்டுக்காரருக்கும், இதே தொல்லைதான். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் நூலகத்தில் மூன்று மூலிகைப் புத்தகங்கள் எடுத்துப் படித்து, ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டு, ஆறே வாரத்தில் குணப்படுத்திவிட்டேன். சும்மா சொல்லவில்லை, நோட்டில் கணக்கு இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு பகலுக்குப் பதினான்கு தடவை பாத்ரூம் போனார். முதல் வாரம் பூசணி விதையை வறுத்துப் பொடித்துக் கொடுத்தேன், பதின்மூன்று ஆனது, ஒரு நாள் பொடி மூக்கில் ஏறித் தும்மினார், தும்மினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அந்த நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் வாரம் நெருஞ்சி முள் கஷாயம், வேளைக்கு ஒரு சொம்பு, பத்தொன்பதாக ஏறியது. "சொம்பு சொம்பா ஊத்திட்டு ஏன் போறேன்னு கேக்குறியே!" என்று கத்தினார். கெட்டதெல்லாம் வெளியேறுகிறது என்று எடுத்துச் சொன்னேன். மூன்றாம் வாரம் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போன நேரம் வந்த நேரம் இரண்டும் குறித்தேன். டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் இல்லையா, "முப்பது வருஷம் பஸ்ஸுக்கு நேரம் குறிச்சேன், அதோட மனசு இப்பத்தான் புரியுது" என்றார். நான் அசரவில்லை.

"உள்ள என்ன பன்னெண்டு நிமிஷமா?"

"வரணுமில்ல!"

"வேண்டிக்கிட்டே நில்லுங்க, வரும்."

நான்காம் வாரம் எட்டு, ஐந்தாம் வாரம் ஆறு, நேற்று ஐந்தே ஐந்து! அது மட்டுமா, நாற்காலியை விட்டு எழாதவர் இப்போது மணிக்கொரு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு "காத்தாட நடந்துட்டு வரேன்" என்று படியிறங்குகிறார், அதுவும் போகும்போது ஓட்டமாக. எழுபது வயதில் அந்த வேகத்தை நீங்கள் பார்க்கணுமே அண்ணா!

ஒரு கிலோ பொடி அனுப்புகிறேன். அண்ணி ஒரு ஸ்டூல் மட்டும் வாங்கி வைக்கட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்களை ஆண்டவன் நூறு வயது வரை பார்த்துக்கொள்வான், மிச்சத்தைப் பூசணி விதை பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
பாசமுள்ள தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கீழே சைக்கிள் கடை வைத்திருப்பவர் மேலே வந்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. ஐயா தினமும் பத்துத் தடவை என் கடை பாத்ரூமுக்கு வர்றாரு. வரட்டும், வேண்டாங்கல. ஆனா கால் மணி நேரம் உள்ளயே நிக்கிறாரு. டாக்டர்கிட்ட காட்டுங்க." இவரிடம் கேட்டேன். "நீ வாசல்ல உக்காந்திருந்தா வர்றதும் வரமாட்டேங்குது. அதான் கீழ போனேன். இப்ப அங்கயும் சொட்டுச் சொட்டாத்தான். பயமா இருக்கும்மா" என்றார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணா, பரிசோதனையை ரத்து செய்யாதீர்கள். அதே டாக்டரிடம் இவருக்கும் ஒரு டோக்கன் போடுங்கள். பத்தொன்பதாம் தேதி ரயிலில் வருகிறோம். பாத்ரூமை ஒட்டிய இருக்கை அவருக்கு. நான் அடுத்த பெட்டியில் வருகிறேன்.