சங்கிலி தின்ற வேட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, என் வேட்டி சைக்கிள் சங்கிலிக்குள் போனது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நான் விழுந்து கிடந்த கோணத்தில் கைக்கடிகாரம் சரியாக மூக்குக்கு நேரே இருந்தது. இன்றும் சாலையில் சைக்கிள் மணி கேட்டால் கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது.

முதலில் ஒரு வாக்குமூலம். (நெய்யாற்றின்கரை கோர்ட்டில் எனக்கு எழுத்தர் வேலை. ஊரார் வாக்குமூலங்களை அடுக்கி வைத்தே தலை நரைத்தது. சொந்தமாக ஒன்று கொடுப்பது இதுதான் முதல் தடவை.) நான் பயந்த ஆள். மகள் ஷைனி குளிக்கப் போய்ப் பத்து நிமிடம் ஆனாலே கதவைத் தட்டுவேன். அவளுக்கு வயது இருபத்து நான்கு. தினமும் ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள். ரயில் கால் மணி நேரம் தாமதித்தால் நான் ஸ்டேஷனில் நிற்பேன். அவள் யாரோ போல என்னைத் தாண்டி நடந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் சவாரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். போட்டி இல்லையாம். விடியுமுன் கிளம்பி, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம்.

"பரிசு உண்டா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு மக்கா?"

"முடிக்கணும் அப்பா. அதாக்கும் காரியம்."

மூன்று நாள் வாதம் நடந்தது. அவள் நான்கு மாதமாக எங்களுக்குத் தெரியாமல் அலுவலக நண்பர்களோடு சைக்கிள் பயிற்சி செய்துகொண்டிருந்த கதையெல்லாம் வெளியே வந்தது. நூறு கிலோமீட்டர் ஏற்கனவே முடித்திருந்தாள். கடைசியில் நான் உத்தரவு போட்டேன்: பயிற்சியில் ஒரே ஒரு அசம்பாவிதம் நடந்தாலும் சவாரிக்குப் போகக் கூடாது. அதைக் கண்காணிக்க நானும் பெயர் கொடுத்து, கூடவே ஓட்டுவேன்.

ஷைனி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்தச் சட்டம் ரெண்டு பேருக்கும் உண்டா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஆக்கும்" என்றேன், நீதிபதி குரலில். (அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ! கோர்ட்டில் மின்விசிறியைப் போடுவதற்குக்கூட நான் இன்னொருவரைக் கேட்க வேண்டும்.)

உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன அசம்பாவிதம். அவள் முழங்காலில் ஒரு சிராய்ப்பு போதும். கண்ணீரோடு மருந்து போட்டுவிட்டு, சந்தோஷமாகச் சவாரியை ரத்து செய்திருப்பேன்.

என் முதல் பயிற்சி நாளன்று உடுப்பில்தான் சனி பிடித்தது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு காற்சட்டை உண்டு. அதை ஷைனி எனக்கும் வாங்கி வந்திருந்தாள். பின்னால் பஞ்சு மெத்தை, முன்னால் ஒளிவுமறைவே கிடையாது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். மனைவி சுசீலா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான் எங்கள் சர்ச் சபையில் கமிட்டி மெம்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கோலத்தில் கொல்லயில் ஊர் வழியாகப் போனால், மறுவாரம் காணிக்கைப் பையை எந்த முகத்தோடு நீட்டுவது? ஆகவே மேலே வேட்டி கட்டிக்கொண்டேன். சர்ச் வாசலைத் தாண்டியதும் அவிழ்த்துவிடலாம் என்று திட்டம்.

"அப்பா, இந்தப் புது கியர் சைக்கிள்ல சங்கிலிக்கு மூடி கிடையாது" என்றாள் ஷைனி.

"முப்பது வருஷமா வேட்டி உடுத்து சைக்கிள் சவிட்டுன ஆளாக்கும் நான். நீ முன்னால போ மக்கா. காரோடு ஜங்ஷன்ல நில்லு. நான் பின்னால வாறேன்."

அந்த முப்பது வருடமும் என் பழைய சைக்கிளின் சங்கிலியைத் தகர மூடி ஒன்று மறைத்துக் காத்து வந்தது என்பதை நான் சாட்சியத்தில் சேர்க்கவில்லை. காற்சட்டையில் பை இல்லாததால் என் போனையும் அவள் பையில் போட்டு அனுப்பினேன்.

சர்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஏற்றம். வாழ்க்கையில் முதல்முறையாக கியர் மாற்றினேன். முதலில் வேட்டியின் முனை போனது. அப்புறம் கரை போனது. அப்புறம் நான் போனேன், நேராக எங்கள் சபைக்காரர் ஞானமுத்து அண்ணனின் மரச்சீனித் தோட்டத்துக்குள் (மரவள்ளிதான்). இருநூறு கிலோமீட்டருக்கான பயிற்சியில் ஒன்றரை கிலோமீட்டர் முடிந்திருந்தது.

எழுந்து இழுத்துப் பார்த்தேன். சங்கிலி விடவில்லை. மிதியைப் பின்னால் சுற்றினேன். இன்னும் ஒரு முழம் உள்ளே போனது. சாலையில் ஆராதனைக்குப் போகிறவர்களின் பேச்சுக்குரல் கேட்கத் தொடங்கியது. சைக்கிளையும் இழுத்துக்கொண்டு மரச்சீனிச் செடிகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் கழித்து ஞானமுத்து அண்ணன் ஒரு கையில் கம்பும் மறுகையில் வெட்டுகத்தியுமாக வந்தார்.

"கோர்ட்டு சாரா? பன்னி மரச்சீனி தோண்டுதுண்ணாக்கும் நெனச்சேன்! இஞ்ச என்ன செய்யுதீரு?"

சங்கிலியைக் காட்டினேன்.

"இதுக்கா? இப்ப வெட்டித் தாறேன்."

"வேண்டாம் அண்ணே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒண்ணும் உடுக்கல்லியா?" என்றார்.

"உண்டு. ஆனா அது வெளிய காட்டக் கொள்ளாது."

பேச்சை மாற்ற வேண்டும் என்று வாய் துடித்தது. அதுவரை மனத்துக்குள் புரண்டுகொண்டிருந்த கவலையை அவரிடம் கொட்டிவிட்டேன். "மகளை நினைச்சாதான் பயமா இருக்கு அண்ணே. போய் அரை மணி நேரமாச்சு. என்னைக் காணல்லண்ணு திரும்பியும் வரல்ல. லாரி போற ரோடு. கேக்கலாம்ணா கையில போனும் இல்ல."

ஞானமுத்து அண்ணன் நல்லவர். நல்லவர்களிடம் கவலையைச் சொல்லக் கூடாது. "ஏசுவே!" என்று கம்பைப் போட்டுவிட்டு சர்ச் பக்கமாக ஓடினார். "அண்ணே, அவ காரோட்டில நிப்பா!" என்று நான் கத்தியது அவர் முதுகில்கூடப் படவில்லை.

ஐந்து நிமிடத்தில் சர்ச் ஒலிபெருக்கி கரகரத்தது. உபதேசியாரின் குரல்.

"சபையாருக்கு ஒரு அறிவிப்பு. நமது கமிட்டி மெம்பரின் மகள் ஷைனி சைக்கிளில் போனவர், அரை மணி நேரமாகக் காணவில்லை."

எல்லையோர சபை என்பதால் அதையே மலையாளத்திலும் சொன்னார். மலையாளத்தில் அது விடியற்காலையிலிருந்து என்று ஆனது. பிறகு ஜெபித்தார். ஜெபம் முடிவதற்குள் என் மகள் கடற்கரை வரைக்கும் போய்விட்டாள், ஆண்டவர் அவளை அலைகளிலிருந்து காக்க வேண்டும் என்று.

செய்தி என் வாயிலிருந்து கிளம்பியதுதான். ஆனாலும் ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டதும் நானே நம்பிவிட்டேன். கண்ணுக்கு முன் மரச்சீனி இலைகள் ஆடின. இடுப்பு முடிச்சை அவிழ்க்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. வேட்டியைச் சங்கிலிக்கே விட்டுவிட்டு ஓடினேன். என் பயிற்சிக் காலத்தில் நான் எட்டிய அதிகபட்ச வேகம் அதுதான்.

ஆளைத் தேடுவதற்காக மொத்த சபையும் சர்ச் வாசலில் இறங்கி நின்றது. நான் வந்து நின்றேன். கொயர் பாடகர்களில் யாரோ "அய்யோ" என்றார். கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமிவிட்டு வானத்தைப் பார்த்தார். கொயரில் பாட முன்பே வந்திருந்த சுசீலா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தன் கொயர் அங்கியைக் கழற்றி என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள்.

"என் பிள்ள எங்க?" என்றேன். அழுதேன் என்று சுசீலா இன்றும் சாதிக்கிறாள். வியர்வை என்பது என் தரப்பு.

அவள் யாருடைய போனையோ வாங்கி ஷைனியைக் கூப்பிட்டாள். மணி மூன்று தடவை அடித்தது. என் ஆயுளில் மூன்று வருடம் அங்கே போயிருக்கும்.

"நான் காரோட்டில சாயா குடிச்சிட்டு நிக்கேன் அம்மா. அப்பாவத்தான் காணல்ல. எங்க அப்பா?"

சுசீலா என்னைப் பார்த்தாள். அங்கியைப் பார்த்தாள். "நீ நேருல வந்து பாத்துக்கோ" என்றாள்.

அதன் பிறகு எங்கள் சபையில் யார் தாமதமாக வந்தாலும் "மைக்குல சொல்லட்டா?" என்பது வழக்கமாகிவிட்டது. வீட்டிலும் அதே. நான் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் தாமதித்தால் சுசீலா போனில் கூப்பிட்டு உபதேசியார் குரலில் தொடங்குவாள்: "சபையாருக்கு ஒரு அறிவிப்பு..."

அன்று கடைசியாக வந்து சேர்ந்தது ஷைனி. ஒரு கீறல் இல்லை. இறங்கி, என் இடுப்பில் இருந்த அங்கியைப் பார்த்தாள். ஞானமுத்து அண்ணன் சான்றுப் பொருள் போலத் தோளில் சுமந்து நின்ற சைக்கிளையும், அதன் சங்கிலியிலிருந்து தொங்கிய வேட்டியையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அருகில் வந்து, என் முழங்கைச் சிராய்ப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இது அசம்பாவிதந்தானே அப்பா?"

நான் தலையாட்டினேன்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஆக்கும். அப்பம் நீங்க வரண்டாம்" என்றாள். "நான் போயிட்டு வாறேன்."